விசில் கிழவரும் இரண்டு பந்தும்

தோசை மாஸ்டர் இருந்தார். பிரியாணி போடும் சலீம் இருந்தான். பரோட்டா போடும் நான் இருந்தேன். கடல் தாண்டி வந்து ஐசலின் ஊர் ஓட்டல்களில் எங்களைப் போல வேலை செய்யும் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். எதிரில் பார்சிப்பனி ஊரின் நம்மவர்கள், கம்ப்யூட்டர்காரர்கள். நடுவில் ரெஃபரியாக உருகுவே நாட்டுக் கிழவர் ஒருவர். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார்.

2006 கோடை. எடிசன் ஊர் மைதானம் இனி ஞாயிறு காலைகளில் ஜெயிப்பவர்களுக்கே என்று பேச்சு. எங்களுக்கு வேறு ஓய்வு நேரம் கிடையாது.

பந்தில் சண்டை வந்தது. நாங்கள் வெறுங்காலில் ஆடுபவர்கள், எங்கள் பந்தில் காற்றைக் குறைத்து வைத்திருந்தோம். அவர்கள் பந்து கல்.

"மாஸ்டர், இது பந்தா, இட்லியா? சேஞ்ச் பண்ணுங்க" என்றான் அவர்களில் ஒருவன்.

"உன் பந்தை உதைச்சா கால் உடையும்டா" என்றான் சலீம்.

கிழவர் அரைகுறை ஆங்கிலத்தில் கத்தினார். "முதல் பாதி இவங்க பந்து. பின்பாதி அவங்க பந்து. எங்க ஊர்ல நடந்த முதல் உலகக் கோப்பை ஃபைனல்லயே அப்படித்தான்!"

எங்கள் பந்தில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றோம். அவர்கள் பந்தில் கால்விரல் வீங்கியது. ஆட்டம் போனது. மைதானமும் போனது.

வயிறெரிந்து கிழவரிடம் கேட்டேன். "அந்த ஃபைனல்ல யாரு ஜெயிச்சது?"

"நாங்கதான். முதல் பாதி அர்ஜென்டினா பந்து, அவங்க ரெண்டு, நாங்க ஒண்ணு. பின்பாதி எங்க பந்து."

தெரிந்தே செய்தாரா, நியாயம் என்று நம்பினாரா? இன்றும் மாவை அடிக்கும்போது அந்த முகம் வருகிறது. ஓங்கி அடிக்கிறேன்.

அன்று அந்த ஃபைனலின் கடைசி கோல் கணக்கையும் கேட்டேன். அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

நாலுக்கு இரண்டு.