மாதத்துக்கு அரை மணி நேரம்

ஆமாம், மாதத்துக்கு அரை மணி நேரம்தான் பறக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், எனக்கு அவசரமில்லை. விமானம் ஓட்டும் உரிமம் கையில் இருக்கிறது என்று சொன்னால் போதும், தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு நான் வானத்துக்குப் போய் வருவதாக ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கல்கத்தா அலிப்பூரில் ஒரு அரசாங்க ஆபீசில் ஃபைல் பார்க்கிற சம்பளக்காரி நான். சொந்த விமானமெல்லாம் கிடையாது. க்ளப்பில் இருக்கும் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். என்ஜினைக் கிளப்பியதும் உள்ளே ஒரு மீட்டர் ஓட ஆரம்பிக்கும், டாக்ஸி மீட்டர் மாதிரி. என்ஜின் நின்றால்தான் அதுவும் நிற்கும். அந்த வாடகைக்கு என் சம்பளத்தில் மாதம் அரை மணி நேரம்தான் கட்டுப்படியாகும். உரிமம் வாங்கின கையோடு ஒரு போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, அப்புறம் க்ளப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். நான் வருஷக்கணக்காக விடாமல் போகிறேன்.

என் நாத்தனாருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. என் கணவர் வீட்டார் துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். நாத்தனார் வீடு கரியாஹாட்டில், எங்கள் பாலிகஞ்ச் ஃப்ளாட்டுக்குப் பக்கம்தான். துர்கா பூஜோவுக்குப் புடவை எடுக்க ஒரு வருஷம் என்னையும் இழுத்துக்கொண்டு போனவர், கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, மேல போறே, ஒரு சுத்து சுத்துதே, திரும்ப அதே எடத்துல வந்து எறங்குதே. பூரி, காசின்னு எங்கயாவது போனாலும் பரவால்ல. இந்தக் காசுக்கு எத்தனை புடவை எடுக்கலாம் தெரியுமா?"

"தாராளமா எடுக்கலாம் மதினி. பீரோவுல இருக்கதை எல்லாம் கட்டி முடிச்சாச்சா?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று புடவை எடுத்ததும் சரியாகிவிட்டார்.

சிக்கனம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தரையில் செய்ய முடிகிற எதையும் நான் ஆகாயத்தில் செய்வதில்லை. சீட்டைச் சரிசெய்வது, பெல்ட்டை மாட்டுவது, வரைபடத்தை மடித்து வைப்பது எல்லாம் என்ஜினைக் கிளப்புவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். க்ளப்பில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். சில மாதங்கள் அவரும் நானும் சேர்ந்து போவோம். போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது நான், வாடகை ஆளுக்குப் பாதி. வேறு யாராவது ஓட்டும்போது பின் சீட் காலி என்றால் வெட்கமே படாமல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அடுத்தவர் செய்யும் தப்பைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை.

மற்ற நாட்களில் எங்கள் சாப்பாட்டு மேஜைதான் விமானம். இடது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதுதான் திருப்புகிற சக்கரம். வலது கையில் சப்பாத்திக் கட்டை. அதை முன்னால் தள்ளினால் என்ஜின் வேகம் ஏறுவதாகக் கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு, ஏறுவது முதல் இறங்குவது வரை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் என் கணவர், நான் இறங்கப் போகும் நேரமாகப் பார்த்து, "ரன்வேல மாடு!" என்று கத்துவார். உடனே கட்டையை முழுக்க முன்னால் தள்ளி, இறங்காமல் மேலே எழும்பி, இன்னொரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். வேண்டுமென்றே நாலைந்து தடவை மாட்டை விடுவார், கடன்காரர். பொரியல் ஆறிப்போகும்.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியது. க்ளப் திடலில் தண்ணீர் நின்றதால் பல மாதங்கள் யாருமே பறக்கவில்லை. அப்படி இடைவெளி விழுந்தால் தலைமைப் பயிற்சியாளரோடு ஒரு தடவை பறந்து காட்ட வேண்டும் என்பது க்ளப் விதி. அவர் போதாது என்று சொல்லிவிட்டால், அவர் சொல்லும் வரைக்கும் பல மணி நேரம் மறுபடியும் பயிற்சி எடுக்க வேண்டும். அத்தனை காசுக்கு நான் எங்கே போவது? அன்றோடு என் பறத்தல் முடிந்தது என்று அர்த்தம்.

அவர் ஒரு வங்காளிப் பெரியவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். தேதி கேட்கப் போனபோதே வங்காளத்தில் பொரிந்து தள்ளினார். "வேகமா ஓட்டறவங்களைப் பாத்து எனக்குப் பயமில்ல மேடம். உங்களை மாதிரி மீட்டரைப் பாத்துக்கிட்டே ஓட்டறவங்களைப் பாத்துதான் பயம். ஒரு சுத்து மிச்சம் பிடிக்கணும்னு எப்படியாவது இறக்கிடுவீங்க. மாசத்துக்கு அரை மணின்னா விட்டுடுங்களேன்."

"மிச்சம் பிடிக்கறது தரையில ஸார், மேலே இல்ல."

"பாக்கலாம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னை விடச் சொல்ல இவர் யார்? ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேறொரு பயம் வந்தது. அவர் சொன்னது நிஜமாக இருந்தால்? நான் மீட்டரைப் பார்க்கிறவள்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

பூஜோ முடிந்த வாரத்தில் பறந்தோம். அவர் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு தடவையும் நன்றாகவே இறக்கினேன். மூன்றாவதுதான் கடைசி, அதோடு என் அரை மணியும் தீர்ந்துவிடும். அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. ஓடுபாதையை நோக்கி வரும்போதே தெரிந்தது, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம். கொஞ்சம்தான். அழுத்திப் பிடித்தால் இறக்கிவிடலாம். இதைவிட மோசமாக இறக்கியவர்களைப் பின் சீட்டிலிருந்து நானே பார்த்திருக்கிறேன். இறங்காமல் போனால் இறக்கத் தெரியவில்லை என்று இவர் எழுதிவிடுவாரோ என்றும் இருந்தது. கண் தானாக மீட்டர் பக்கம் போனது.

போய்த் தொலைகிறது என்று வலது கையை முழுக்க முன்னால் தள்ளினேன். என்ஜின் அலறியது. ஓடுபாதை எங்களுக்குக் கீழே அப்படியே பின்னால் போய்விட்டது. மேலே ஏறித் திரும்பும்போது, பிரித்துப் போட்ட பூஜோ பந்தல்களின் மூங்கில்கள் தெருவுக்குத் தெரு குவிந்து கிடப்பது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. முழுச் சுற்றும் சுற்றி வந்து, இந்தத் தடவை சரியான உயரத்தில், சரியான வேகத்தில், பூப்போல இறக்கினேன்.

என்ஜினை நிறுத்தியதும் அவர் என் பக்கம் திரும்பினார். "கி ஹோலோ? என்ன ஆச்சு? அதை இறக்கியிருக்கலாமே."

"இறக்கியிருக்கலாம் ஸார். ஆனா நல்லா இறங்கியிருக்காது."

அவர் மீட்டரைக் காட்டினார். "அரை மணி தாண்டிடுச்சு."

"தாண்டட்டும்."

பறந்த கணக்கு எழுதும் என் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசம் தனியாப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் கதவைத் திறந்ததுமே கேட்டார், "மாடு வந்துச்சா?"

"மாடும் வரல, ஆடும் வரல. எறங்கதுக்கு மனசு ஒப்பல. நானாத்தான் ஒரு சுத்து கூடச் சுத்தினேன்."

"அடிப்பாவி, சும்மா சுத்தினதுக்குமா காசு கொடுத்தே?" என்று நாத்தனார் பதறினார்.

"அதுக்குத்தான் மதினி காசே."