மரியகுழந்தையின் கால்

தண்ணீர் லாரி வந்த காலையில்தான் மரியகுழந்தை விழுந்தார். குழாயை இழுத்தவர் சேற்றில் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது எழுபத்து நான்கு. மூன்று வருடங்களுக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்த உடம்பு.

ஆண்டர்சன்பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஊரின் தங்கச் சுரங்கம் மூடியதும் கணவர் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தார். மரியகுழந்தை விடியற்காலை ரயிலேறி பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போனார். பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்ட ஆண்களை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்க வைத்தவர் என்று இன்றும் சொல்வார்கள். அந்தச் சம்பளத்தில்தான் மகன் எரிக்கும் மகள் வின்னியும் படித்தார்கள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இதயம் பாதி வலுவில்தான் துடித்துக்கொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் ராதிகா, எரிக்கை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். ஆபரேஷனே வேண்டாம் என்று எரிக் உடனே மறுத்துவிட்டான். அவனுடைய அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு உள்ளே போனவர், திரும்பி வரவில்லை. சுரங்கத் தூசி அரித்த நுரையீரல் தாங்கவில்லை என்று அப்போது சொன்னார்கள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்," என்றான் வின்னியிடம். "படுத்திருந்தாலும் அம்மா இருப்பாங்க இல்ல."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மா, இங்க வாங்க. கால் என்னுது, ஹார்ட்டும் என்னுது. அவன்கிட்ட இன்னாத்துக்குப் பேசறீங்க?"

ராதிகா சங்கடத்தோடு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பயப்படுவீங்கன்னுதான்..."

"பயந்துக்கிறேன். சொல்லுங்க."

ராதிகா மறைக்காமல் சொன்னார். "ஆபரேஷன் நடக்கறப்பவே ஹார்ட் நிக்கலாம். முடிஞ்சப்புறம் நுரையீரல்ல நீர் கோத்துக்கலாம். ஐசியூல வெக்க வேண்டி வரும். எழுந்து வராமலும் போகலாம்."

"பண்ணாட்டி?"

"எலும்பு சேராது. வலியோட படுத்தே இருக்கணும். படுக்கைப் புண், நிமோனியா எல்லாம் வரும். நிறைய பேர் கொஞ்ச மாசத்துலயே போயிடறாங்க."

மரியகுழந்தை கூரையைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் ஆபத்துதான் கீது. நான் நடக்கற பக்கத்த எடுத்துக்கறேன்."

"அப்பாவுக்கு ஆனது மறந்துடுச்சாம்மா?"

"மறப்பேனா? அவரு பாட்டுக்கு உள்ள போனாரு. யாரும் அவரைக் கேக்கல. நானும் கேக்கல. என்னைக் கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்."

எரிக் வெளியே போனான். சம்மதக் கையெழுத்தை அவரே போட்டார்.

இதய டாக்டர் மாத்திரைகளை மாற்றினார். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் ராதிகா பயந்ததும் நடந்தது. அடுத்த நாள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறியது. மரியகுழந்தை ஐசியூவில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிப் படுத்திருந்தார். எரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று, "நான் அப்பவே சொன்னேன்," என்றான். வின்னிக்கு அழுகைதான் வந்தது.

ஊசி மருந்தில் நீர் மெல்ல மெல்ல இறங்கியது. முகமூடியைக் கழற்றியதும் மரியகுழந்தை, "எப்போ நிக்க வெப்பீங்க?" என்று நர்ஸைக் கேட்டார். நிற்க வைத்தபோது வலியில் பல்லைக் கடித்தார். வாக்கரை விடவில்லை.

ஊர் திரும்பும் நாளில் எரிக் சொன்னான். "நான் வேணாம்னது உன் நல்லதுக்குத்தாம்மா."

"தெரியும். உனக்குப் பயம். எனக்கும் பயந்தான்டா. அதுக்குன்னு படுத்துக்கினு இருக்க முடியுமா?"

இதயம் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. உப்பில்லாத சாப்பாடு, கைநிறைய மாத்திரை. நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, வின்னி அவரைக் கோவிலுக்கு ஆட்டோவில் அழைத்துப் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் பீடத்தின் முன் வரிசையில் நிற்க, ஃபாதர் அப்பப் பாத்திரத்தோடு அவரை நோக்கி இறங்கி வந்தார்.

"அங்கியே நில்லுங்க ஃபாதர்," என்று வாக்கரை ஊன்றி எழுந்தார் மரியகுழந்தை. "நான் வர்றேன்."

வரிசை வழிவிட்டது. அவர் அதற்கும் தலையசைத்து மறுத்துவிட்டு, கடைசி ஆளாகப் போய் நின்றார்.