கூரைக்கு எண்பத்தெட்டு குறைவு

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். எனக்குத் தனியார் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் பேச்சு. முகத்துக்குக் கிடைக்காத பாராட்டு கைக்காவது கிடைக்கட்டுமே என்று நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களின் பெயர், ஊர், தொகையை நோட்டில் ஏற்ற வேண்டும். வந்தவர், விருந்து வைத்தவர் முன்பு தனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்வார். அதற்கு மேல் புதிதாகவும் கொஞ்சம் வைப்பார். வாங்கியதை மட்டும் வைத்துவிட்டுப் போனால், கொடுக்கல் வாங்கலை அத்தோடு முடித்துக்கொண்டார் என்று அர்த்தம். வாங்கியதிலும் குறைத்து வைத்த ஆளை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை, கண்ணாடியில் பார்த்ததைத் தவிர.

அது தெரிய வந்தது போன புரட்டாசியில். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், கடைவீதியில் ஜவுளி வியாபாரம் பார்த்து ஓய்ந்த பாய், ஒருநாள் வந்து சொன்னார்: "தம்பி, சவுதில இருந்து மகன் குடும்பத்தோட வாரான். தைக்குள்ள வீட்டைக் குடுத்துருங்க." எங்கள் சொந்த வீடு அரைக் கல் தொலைவில் சுவர் முழுக்க எழும்பி, கூரை இல்லாமல் வானத்தைப் பார்த்து நின்றது. கான்கிரீட் போட நாலு லட்சம் வேண்டும். மொய் விருந்து வைத்துத் திரட்டலாம் என்றால் ஆவணி முடிந்துவிட்டது. அடுத்த ஆடி வரைக்கும் பந்தல் கிடையாது. பேங்க் ஒன்றுதான் வழி.

பேங்க் மேனேஜர் அம்மாவுக்கு என் மகளைவிடப் பத்து வயதுதான் கூடுதலாக இருக்கும். என் பத்திரங்களைப் புரட்டினார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சார், உங்க கிரெடிட் ஸ்கோர் அறுநூத்திப் பன்னெண்டுதான் இருக்கு. எங்களுக்கு எழுநூறாவது வேணும்."

பத்தாம் வகுப்பில்கூட நான் முதல் தடவையிலேயே பாஸ் ஆனவன். "எத்தனைக்கு மேடம்?" என்று கேட்டேன்.

"தொள்ளாயிரத்துக்கு."

அப்படிப் பார்த்தால் முதல் வகுப்பு. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் லோனுக்கு விண்ணப்பித்தேன். மூன்றிலும் இல்லை என்று வந்தது. என் ஸ்கோரை நானே ஒருதரம் பார்த்துவிடலாமா என்று தோன்றியது. பார்த்தாலே குறையும் என்று டீக்கடையில் ஒருவர் சொல்லியிருந்ததால், தூங்குகிற நாயை எழுப்பப் பயந்தவன் மாதிரி அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசியில் மனைவியே கேட்டாள். "ஏங்க, பேங்க்ல என்னதான் சொன்னாங்க? கம்பி கட்டுறவரு ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு."

சொன்னேன். அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க, நானும் வாரேன்."

மேனேஜர் அம்மா அன்று பொறுமையாக என் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். "நீங்களா பாத்தா ஒண்ணும் குறையாது சார். நாலு இடத்துல லோன் கேட்டீங்கன்னா, நாலு பேரும் எட்டிப் பாத்துட்டுப் போன தடம் விழும். அதான் குறைக்கும். இப்பவே மூணு தடம் புதுசா இருக்கே?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஆனா பெரிய அடி இது," என்று ஒரு வரியைத் தொட்டார். ஊரடங்கு வருஷத்தில் நின்றுபோன என் பைக் கடன். பள்ளிக்கூடத்தில் பாதிச் சம்பளம், மொய் எழுதிக் கிடைக்கும் காசும் இல்லை. ஆறு தவணை கட்டவில்லை. பிறகு பைனான்ஸ்காரர் ஒருவர் போனில், "அண்ணே, முப்பத்தோராயிரம் நிக்குது. ஒரே தடவையில இருபத்தஞ்சு கட்டுங்க, முடிச்சுவிட்டுர்றேன்" என்றார். நான் சும்மா விடுவேனா? கட்டுமாவடியில் மீன் வாங்குகிறவன் மாதிரி பேரம் பேசி இருபத்திரண்டுக்கு முடித்தேன். ஒன்பதாயிரம் மிச்சம் பிடித்த பெருமையில் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் புரோட்டா.

"நீங்க கடனை அடைக்கல சார். குறைச்சுக் குடுத்து முடிச்சிருக்கீங்க. அது அப்படியே பதிவாகியிருக்கு. யாரு பாத்தாலும் தெரியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. அதைவிட நன்றாக என் மனைவிக்குப் புரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னாள்: "ஊருல ஒருத்தன் ஆயிரம் வாங்கிட்டு எழுநூறு வச்சா, வீட்டுக்கு வந்து எத்தனை நாளு அவனைப் பத்திப் பேசுவீங்க?"

"அப்படி ஒருத்தனும் வச்சதில்லையே."

"அதான் நீங்க இருக்கீங்களே."

மறுநாளே அவளுடைய தோட்டை அடகு வைத்து, மிச்ச ஒன்பதாயிரத்தைக் கட்டப் போனேன். பைனான்ஸ் ஆபீசில் இருந்தவருக்கு என்னைப் புரியவே இல்லை. "முடிஞ்ச கணக்குக்கு எதுக்குண்ணே பணம் தாரீங்க?" இரண்டு நாள் அலைந்து, மேலிடத்தில் கேட்டு, வாங்கிக்கொண்டு, முழுதும் கட்டியாயிற்று என்று கடிதம் கொடுத்தார். கடிதத்தின் எழுத்து கோணல். குறை சொல்லும் நிலையில் நான் இல்லை.

பதிவு மாற ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் ஐப்பசி மழை வந்து கூரையில்லாத வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மனைவி சிமெண்ட் மூட்டைகளைச் செங்கல் மேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டாள். நான் குடை பிடித்துக்கொண்டு, வருங்காலச் சமையலறையில் நின்று ஸ்கோர் பார்த்தேன். இப்போதுதான் பயமில்லையே, நாளுக்கு நாலு தடவை பார்க்கிறேன். "இன்னைக்கு எவ்வளவுங்க?" என்பாள், இறால் விலை கேட்பதைப் போல.

கார்த்திகையில் அறுநூற்று நாற்பத்தொன்பது. பைக் கடன் முழுதும் அடைந்ததாக மாறிவிட்டது. ஆனால் தவறிய ஆறு தவணை அப்படியே நிற்கிறது. அது போக வருஷக்கணக்கில் ஆகும். "இனிமே எதுவும் தவறாம, புதுசா எங்கயும் கேக்காம இருங்க. மாசி கடைசியில வாங்க, மேலாபீசுக்கு எழுதி அனுப்பிப் பாக்கலாம்" என்றார் மேனேஜர் அம்மா. கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைக்காது என்றும் சொல்லவில்லை.

ஆனால் தை முன்னால் வந்துவிடும். மார்கழியில் பாய் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் இரண்டு மூன்று நல்ல பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் டீ கொடுத்ததும் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டேன், புரோட்டா உட்பட.

அவர் விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "மகன் வந்தா ரெண்டு மாசம் இங்கிட்டு எங்களோட நெருக்கிக்கிட்டு இருக்கணும். மருமக முகம் சுளிக்கும். சரி, பங்குனி கடைசி. அதுக்கு மேல முடியாது தம்பி. கூரை போட்டாலும் போடாட்டியும்."

"போயிர்றேன் பாய்."

"வாயால சொல்ல வேணாம். ஊருக்கெல்லாம் எழுதுற கையால எழுதிக் குடுங்க."

ஒரு தாளை நீட்டினார். என் பெயர், என் ஊர், பங்குனி கடைசித் தேதி. மூன்றே வரி. அந்தத் தேதியன்று எங்கே படுப்போம் என்று யோசித்துக்கொண்டே எழுதினேன்.

பாய் தாளை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, கையெழுத்து நல்லாருக்கும்னு சொன்னாங்க?"