பதினான்காவது மரத்தடிக் கல்

கெர்ட்ரூட் முப்பத்தோராண்டுகள் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். அதே வேலையை அக்கம்பக்கத்தவர் நாங்களெல்லாம் வீட்டில் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தோம்.

அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஆறுபோல இறங்கி வரும். எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கெர்ட்ரூட் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவாள். ஒருமுறை சிங்கப்பூருக்குப் புறப்பட்ட லோரி பாலத்தைத் தொடுவதற்குள், மூன்றாவது சுருளில் ஒரு முடிச்சை விட்டுவிட்டோமே என்று நினைவு வந்து, போன் போட்டு லோரியையே திருப்பினாள். நம்பாதவர்கள் லோரி ஓட்டுநரைக் கேட்கலாம். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. மறுத்துப் பேச மாட்டார்.

வேலையிலிருந்து நின்றதும் அவள் செய்த முதல் காரியம் வீட்டின் பின்புறம் ஒரு சமையலறை கட்டியது. கணவன் ரோலண்ட் இருந்தவரை இருவரும் ஓர் ஒண்டு இடுக்கில்தான் சமைத்தார்கள். புது சமையலறையில் இரண்டு அடுப்பு, கை அலம்பும் தொட்டிக்கு மேலே பெரிய சன்னல், சுவர் முழுக்கத் தகர டின்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் எங்கள் கம்பத்துக்கே, அதாவது ஊருக்கே, அச்சுமுறுக்கு அங்கேதான் வெந்து வரும். "இந்த நாலு சுவரும் நான் நின்னு நின்னு கட்டுனது" என்பாள். ஆலையில் முப்பத்தோராண்டுகளும் நின்றுகொண்டே வேலை பார்த்ததைச் சொல்கிறாள்.

அந்தச் சமையலறைக்குத்தான் ஆபத்து வந்தது.

பக்கத்து நிலம் ஜெயபாலனுடையது. தம்போயில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்று, அப்பாவின் நிலத்துக்கே திரும்பி வந்தவர். அவருடைய நிலம் கெர்ட்ரூட்டின் மனையை ஒரு பக்கத்திலும் பின்னாலும் வளைத்துக்கொண்டு கிடக்கிறது. அதில் முன்பு ரப்பர் எடுக்கும் பால்மரம் இருந்தது. அவருடைய அப்பா அதை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார். அதையும் கவனிக்க ஆளில்லாமல் இப்போது செம்பனைக்கு நடுவே லாலாங் புல்லும் முள்கொடியும் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. போன இரண்டு மழைக்காலத்திலும் தண்ணீர் வடியாமல் மரங்கள் அழுகின. இந்த மழைக்கு முன் எல்லையோரமாக ஒரு பெரிய பாரிட், அதாவது வாய்க்கால், தோண்டித் தண்ணீரை வெளியே விட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதில் தவறே இல்லை. எல்லை எது என்பதில்தான் தகராறு.

ஒரு திங்கட்கிழமை காலை, முக்குக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டே அது வெடித்தது.

"பழைய பாரிட்தான் எல்லை, கெர்ட்ரூட். எங்கப்பா காலத்துலேருந்து அதான். உங்க அடுப்பு என் நிலத்துல எரியுது. இத்தனை வருஷம் நான் வாயத் தொறந்தேனா?"

"தண்ணி வளைஞ்சு போன வழிய எல்லைன்னு சொல்றீங்களே, அண்ணே. தண்ணிக்கு நிலத்துக் கிராண்டு பத்திரம் படிக்கத் தெரியுமா? பிளான்ல கோடு நேரா போகுது. கோட்டு முனையில கல்லு இருக்கு."

"எங்க இருக்கு?"

"பெலுகார்ல, அந்தப் புதருக்குள்ள."

"பெலுகார்ல யானைகூட இருக்குன்னுதான் சொல்றாங்க."

கடையே சிரித்தது. கெர்ட்ரூட் சிரிக்கவில்லை. ஏற்கெனவே அவள் ரூபேந்திரன் என்ற சர்வேயரிடம் விசாரித்திருந்தாள். "பழைய கல்லு அசையாம அப்படியே இருந்துச்சுன்னா அது பேச்சுக்கு மறுபேச்சு இல்ல, ஆன்ட்டி. காணாமப் போயிருந்தா நாங்க அளந்து புதுசு நடலாம். ஆனா அதுக்கு மனு, பதிவு, அது இதுன்னு பல மாசம் ஆகும் லா" என்று அவர் சொல்லியிருந்தார். மண் தோண்டும் இயந்திரமோ அடுத்த திங்களே வருகிறது.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் கெர்ட்ரூட். "சர்வேயரையும் வரச் சொல்றேன். கல்லைக் காட்டுனா, கல்லு சொல்றதுதான் எல்லை. காட்டலன்னா உங்க பாரிட்டே எல்லை. அடுப்ப நானே இடிச்சுக்கிறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"கல்லு என்ன சொன்னாலும் மாற மாட்டேன்."

இதைப் பத்துப் பேர் கேட்டார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான் மிச்சம். அந்த நிலத்தில் பால் வெட்டிய செல்லம். வயது எண்பத்திரண்டு, காதுதான் மந்தம், நாக்கு மந்தமில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கெர்ட்ரூட் அவர் வீட்டில் நின்றாள்.

"கல்லா? தெரியாம என்ன! ரோட்டோரச் சின்னப் பாலம், அந்தக் கல்வெர்ட்டுகிட்ட மொத மரம். சைக்கிள அதுலதான் சாத்துவேன். அந்த நெரையிலயே நேரா உள்ள போனா பதினாலாவது மரத்தடியில கல்லு. ரெண்டு கையும் ஓஞ்சு போயிருக்கும், பால் வாளிய அது மேல எறக்கி வச்சு மூச்சு வாங்குவேன்."

"பதினாலு நிச்சயமா, அத்தை?"

"ஏன்டி, தெனம் எண்ணி வெட்டுனவ நானு. ஒம் பல்லு எத்தனைன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கு அந்த மரம் தெரியும்."

வீட்டுக்கு வந்து கெர்ட்ரூட் பாராங் கத்தியை எடுத்தாள். பட்டறையில் முனை சீவி வாங்கிய ஓர் இரும்புக் கம்பி, நைலான் கயிறு, ஆலையிலிருந்து கையோடு வந்துவிட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒரு சுருள். கல்வெர்ட்டிலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினான்காவது மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கயிறு கட்டி, பாத்தி பிரித்து, சாண் சாணாகக் கம்பியைக் குத்தினாள். பார்த்து முடித்த பாத்திக்கு ஒரு ஸ்டிக்கர். அவள் பாராங் வீசிய வேகத்தில் அங்கிருந்த குரங்குகளெல்லாம் மூவாருக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டன. கொசு மட்டும் போகவில்லை. இரண்டு கொசுக்கள் சேர்ந்து அவளுடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மூன்றாவது வழி காட்டியது.

ஜெயபாலன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பாலில்லாத கோப்பி-ஓவோடு வேடிக்கை பார்த்தார்.

"ரொம்ப உள்ள போயிட்டீங்க, கெர்ட்ரூட். இன்னும் கொஞ்சம் தோண்டுனா ரெங்கிட் ஊர்க் கடலே வந்துரும்."

"வந்தா மீன் புடிச்சுத் தரேன், அண்ணே. உக்காந்திருங்க."

செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. கிடைத்தது ஒரு துருப்பிடித்த மைலோ டின்னும் ஓர் ஒற்றைச் செருப்பும். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. சிவப்பு ஸ்டிக்கர்கள் காட்டுக்கு அம்மை போட்டதுபோலத் தெரிந்தன. புதன் சாயங்காலம் நான் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரோடு போனேன்.

"விட்டுத் தொலையேன். ஒரு சுவரை உள்ளே தள்ளிக் கட்டிக்கலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாளித் தண்ணீர் சூடாகிவிட்டது. "தப்பு துணியில இருக்குன்னா கண்டுபிடிச்சிருப்பேன். ரெண்டு நாளா கெடைக்கலன்னா தப்பு என்கிட்ட இருக்கு. அது எதுன்னு பாக்குறேன்" என்றாள்.

வியாழன் காலை அது பிடிபட்டது. வேலியோரம் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்தவள், துடைப்பதை நிறுத்திவிட்டுத் துண்டையே உற்றுப் பார்த்தாள். கொசகொசவென்று இளக்கமாக நெய்த துண்டு. பிறகு போட்டிருந்த சட்டையைப் பார்த்தாள். நெருக்கமான நெசவு. ஆலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவது அவளுடைய தினசரி வேலை. சட்டையில் முப்பது இழை கிடக்கும் இடத்தில் துண்டில் பத்துகூட இருக்காது.

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அத்தை எண்ணுனது பால்மரம். நான் எண்ணுனது செம்பனை!"

செம்பனை அகலக் கை விரித்து நிற்கிற மரம். தள்ளித் தள்ளித்தான் நடுவார்கள். பால்மரம் நெருங்கி நிற்கும். பதினான்கு பால்மரத்தைச் செம்பனையில் எண்ணினால் மனை மூன்று மடங்கு நீளமாகிவிடும். இரண்டு நாளாக அவள் பாவம் ஜெயபாலனின் நிலத்தின் கடைக்கோடியை உழுதுகொண்டிருந்தாள்.

ஓடினாள் செல்லத்திடம். கேட்டதும் கிழவிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "பனைய எண்ணுனியா? நல்லவேளை, வாழைய எண்ணாம விட்டியே!"

"சிரிக்காம சொல்லுங்க அத்தை. மரத்துக்கு மரம் எத்தனை அடி?"

"அடிகிடியெல்லாம் எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் பின்னால ரெண்டு கெழட்டு மரம் வெட்டாம நிக்குது பாரு. அதுவும் அதே தோட்டந்தான், அதே நடவுதான். போயி அளந்துக்க."

தையல் டேப்போடு கோயில் பின்புறம் போனாள். பழைய வெட்டுத் தழும்போடு இரண்டு மரங்களும் நின்றன. நடுவே பத்தடி. மூன்று முறை அளந்தாள், பத்தடியேதான். நைலான் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்டாள். முதல் மரத்திலிருந்து பதினான்காவது மரத்துக்குப் பதின்மூன்று இடைவெளி. ஆக, பதின்மூன்று முடிச்சு. ஆயுள் முழுக்க முடிச்சைத் துரத்தியவள், அன்று முதன்முதலாக முடிச்சுப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை. கல்வெர்ட்டில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு உள்ளே நடந்தாள். முடிச்சு தீர்ந்த இடத்தில் முள்கொடி வீடு உயரத்துக்கு மண்டியிருந்தது. அதை வெட்டவே மதியமாயிற்று. பிறகு கம்பி. குத்தினால் சொத்தென்றது; மண். மறுபடி டொக்கென்றது; வேர். ஸ்டிக்கர். அடுத்த பாத்தி. ஸ்டிக்கர். ஜெயபாலனின் நாற்காலி அன்று கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது.

மூன்று மணி வாக்கில் கம்பி 'ணங்' என்றது.

நாற்காலி சாய்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. கெர்ட்ரூட் பாராங்கைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையால் மண்ணை வழித்தாள். ஒரு முழ ஆழத்தில் செங்கல் அகலத்துக்குக் கருங்கல் தலை. அதன்மேல் கறுப்பாக, தோல்போல ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பி உரித்தாள். செல்லத்தின் வாளியிலிருந்து நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் சிந்திக் காய்ந்த பால்! அது உரிந்ததும் கல்லில் வெட்டியிருந்த எண்கள் நேற்று வெட்டியதுபோல வெள்ளையாகத் தெரிந்தன. உரிந்த பாலிலும் அதே எண்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தன. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அது இப்போது செல்லத்தின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

கெர்ட்ரூட் நிமிர்ந்து கல்வெர்ட்டைப் பார்த்தாள். அங்கிருந்து கல்வரை நேர்கோடு போட்டால் சமையலறைச் சுவருக்கு வெளியே முழுசாக ஏழடி இருந்தது. அடுப்பு பிழைத்துவிட்டது. பிறகு தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். முகம் மாறியது.

மனையின் பின்மூலையும் அந்தக் கல்தான். அதற்கு அப்பால், பத்தடி தள்ளி, அவளுடைய முருங்கை நின்றது. இருபது வருடமாக அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். கம்பமே அதில் கீரையும் காயும் தின்றது. தகராறு தொடங்கிய நாளிலிருந்து ஜெயபாலன் வீட்டுக்கு மட்டும் ஒரு காய்கூடப் போனதில்லை.

கல் கையெட்டும் தூரத்தில் இருந்தது; கொஞ்சம் பின்னால் தள்ளி நட்டால் முருங்கை தப்பிவிடும். மண்ணை இளக்கி வைத்திருந்ததும் அவள்தான். ஜெயபாலன் இன்னும் புதருக்கு அந்தப் பக்கம். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கல்லைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கயிறு கட்டி, மேலே கடைசிச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். "அண்ணே, வாங்க. வந்து பாருங்க" என்று குரல் கொடுத்தாள்.

சனிக்கிழமை ரூபேந்திரன் கருவியோடு வந்தார். கல்லில் இருந்த எண்களைப் பிளானில் சரிபார்த்தார். கல் அசையவில்லை என்று அளந்து சொன்னார். முக்குக் கடையில் இருந்த பத்துப் பேரும் வந்து நின்றார்கள். ஜெயபாலன் சமையலறைச் சுவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கடைசியில் முருங்கையைப் பார்த்து மீசையைத் தடவினார்.

"ஏழடி உங்களுக்கு. மரம் எனக்கு. அப்படித்தானே, தம்பி?"

"அப்படித்தான், அங்கிள்."

"கேட்டுக்கிட்டீங்களா, கெர்ட்ரூட்? கல்லு சொல்றதுதான் எல்லைன்னு சொன்னது யாரு?"

"நாந்தான். இப்பவும் அதையேதான் சொல்றேன்" என்றாள் கெர்ட்ரூட். வீட்டுக்குள் போனாள். அன்று காலை பறித்து வைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டை அப்படியே தூக்கி வந்து ஜெயபாலன் கையில் திணித்தாள்.

"உங்க மரத்துக் காய். எண்ணி எடுத்துக்குங்க."

திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. சமையலறைக்கு ஏழடி தள்ளி நேர்கோட்டில் தோண்டியது. மூலைக் கல்லை மட்டும் தொடாமல் சுற்றிப் போயிற்று. அன்று மத்தியானம் கெர்ட்ரூட் புது பாரிட்டின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அண்ணே! சாம்பாருக்கு நாலு காய் பறிக்கட்டுமா?"

உள்ளேயிருந்து ஜெயபாலனின் குரல் வந்தது: "மனுப் போடுங்க. பல மாசம் ஆகும் லா!"

அதற்குள் அவள் துறட்டியைத் தூக்கிவிட்டிருந்தாள்.