தாலுகா ஆபீஸ் வாசலில் சிதறுகாய்

என் அப்பாவுக்குத் தோற்றுப்போவது என்றால் என்னவென்று தெரியாது; தோற்ற பிறகும் தெரியாது. அவருடைய அப்பா காலத்தில் எங்கள் குடும்பம் குத்தகைக்கு உழுத நிலத்துக்காக, ஊரே திரண்டு பண்ணையார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. போலீசிடம் அடி வாங்கி, கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் நிலம் எங்கள் பேருக்கே வந்தது. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர் அப்பா. போய் உட்கார ஒரு வாசல் இருந்தால் போதும், எதையும் வாங்கிவிடலாம் என்று மனசார நம்பினார்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர், கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு மிச்சமிருந்தால் எங்களிடம் வரும். அதனால் அப்பா பாதி வயலில் நெல்லை விட்டுத் தென்னை வைத்தார். தேங்காயை உடைத்துக் களத்தில் காயவைத்து, கொப்பரையாக்கி எண்ணெய்க்கு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. நான் நான்காவது படித்த வருஷம் கொப்பரை விலை படுத்துவிட்டது. வெளிநாட்டோடு ஒப்பந்தம் போட்டு இறக்குமதி வரியைக் குறைத்துவிட்டார்களாம். மலேசியாவிலிருந்து பாமாயில் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறதாம். தேங்காய் எண்ணெயைச் சீந்துவார் இல்லையாம். வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார். குவிந்து கிடந்த காய்கள் முளைவிட ஆரம்பித்தன. எனக்கு அது யோககாலம். முளைத்த காயை உடைத்தால் உள்ளே தேங்காய்ப்பூ இருக்கும், தினமும் வயிறு முட்டத் தின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, மலேசியாவிலிருந்து வந்து இறங்கினார். இனிமேல் போகப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவும் அவரும் சேர்ந்து எண்ணெய் மில் போடுவதாகப் பேச்சு. களத்தை ஒட்டி இடம்கூடச் சுத்தம் செய்தாகிவிட்டது. மில் ஓட ஆரம்பித்ததும் தம்பிக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று அம்மா பூரித்துக் கிடந்தாள். எனக்கும் மாமா என்றால் உயிர். அங்கே அவருக்குத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வேலை. குலையின் முள் கிழித்த தழும்புகளைக் கையில் காட்டுவார். அந்தப் பழத்தைப் பிழிந்துதான் பாமாயில் எடுக்கிறார்கள் என்றும் அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

எண்ணெய் விலை இப்படிக் கிடக்கும்போது மில் போட்டு என்ன செய்வது என்று மாமா தயங்கினார். அப்பா விடவில்லை.

"பண்ணையாரையே எறங்கி வரவச்சவங்க நாம. டெல்லி என்ன பெரிய டெல்லி? நீ பாட்டுக்கு டிக்கெட் கிக்கெட் போட்டுடாத மாப்ள" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் தென்னை வைத்திருந்தவர்களையெல்லாம் கூட்டி, தாலுகா ஆபீஸ் வாசலில் தேங்காய் உடைக்கும் போராட்டம் என்று நாளும் குறித்துவிட்டார்.

எதிரும் புதிருமான எங்கள் ஊர்க் கரைவேட்டிக்காரர்கள் ஒரே டிராக்டரில் ஏறி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தேங்காய்க் குவியல்மேல் உட்கார்ந்து போனேன். "வராதே வராதே, பாமாயிலே வராதே" என்று வழியெல்லாம் கோஷம். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் மாமா.

ஆத்திரத்தோடு உடைக்க வேண்டும், அதைப் பார்த்து அதிகாரிகள் ஆடிப்போக வேண்டும் என்பது திட்டம். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தேங்காயை ஆத்திரத்தோடு உடைத்துப் பழக்கமில்லை. முதல் காயைக் கையில் எடுத்ததுமே அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். யாரோ காயின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்த, அப்பா அதை ஆபீசுக்கு நேரே சுற்றிக் காட்டி ஓங்கித் தரையில் அடித்தார். பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் எங்கிருந்தோ நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் சிதறுகாய் பொறுக்க விழுந்தடித்து ஓடிவந்தன. நானும் குதித்து இறங்கிப் பாவாடை நிறையப் பொறுக்கினேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒரு சில்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்ன வேண்டுதல் என்று மாமாவிடம் பயபக்தியோடு விசாரித்தார்.

"ஊரோடயே இருந்துடணும்னு வேண்டுதல்ங்க" என்றார் மாமா.

தாசில்தார் வெளியே வந்து மனுவை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். வரி விஷயம் தன் கையில் இல்லை, கலெக்டர் கையிலும் இல்லை, சென்னைக்கே போனாலும் நடக்காது என்று ஒளிக்காமல் சொன்னார். அப்படியானால் ஒப்பந்தம் போட்டவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். அது அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பண்ணையாருக்கு ஒரு வாசல் இருந்தது. இதற்கு வாசல் எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அப்பா அசரவே இல்லை. அடுத்தது ரயில் மறியல் என்று அங்கேயே அறிவித்தார். எல்லாருக்கும் வடையும் டீயும் வந்தன. வடை எந்த எண்ணெயில் சுட்டது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் வந்தது, விலை எழுந்திருக்கவில்லை. மில்லுக்குச் சுத்தம் செய்த இடத்தில் புல் மண்டியது. ஒருநாள் காலையில் மாமா பெட்டியோடு வாசலில் நின்றார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. பஸ் ஏற்றிவிடப் போன அப்பாவோடு நானும் அழுதுகொண்டே போனேன். பஸ் கிளம்பும்போது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம் சொன்னார்:

"அங்க செம்பனை நல்லா காய்க்கணும் மாப்ள. நல்ல வெலைக்கும் போவணும்."

எனக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. தொண்டை கட்டக் கட்ட எதை வராதே என்று கத்தினோமோ, அது நல்ல விலைக்குப் போக வேண்டுமாமே. வீட்டுக்கு ஓடி நேரே அடுப்படிக்குள் நுழைந்து, அப்பா கட்சி மாறிவிட்டார் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.