சேற்றில் கிடைத்த நகைக்குச் சொந்தக்காரர்கள்

பழைய நகையைப் பார்த்து இன்னதென்று சொல்கிற தொழிலில், நகையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்; மீதி நேரமெல்லாம் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உரைகல்லோடு உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

பர்மாவில், பசுந்தாங்கில் கணேசன் அண்ணன் பட்டறையின் மூலையில் எனக்கு ஒரு மேசை. பெயர் ரோசம்மா. பர்மியர்கள் 'அமா' என்பார்கள், அக்கா என்று அர்த்தம். கோ மின் என்ற பர்மியத் தம்பி மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறான். ஆற்றோரச் சேறு, இடித்த கட்டடம், தோண்டிய பள்ளம் என்று எங்கேயும் அதைத் தூக்கிக்கொண்டு அலைவான். கிடைத்ததை என் மேசையில் கொண்டுவந்து கொட்டுவான்.

தாத்தா புதைத்த வளையல்

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு நடந்தே ஓடினவர்கள் நகையைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற கதை இங்கே பாதித் தமிழர் வீடுகளில் உண்டு. மாரிமுத்து அண்ணன் வீட்டிலும் இருந்தது. கோ மின்னைக் கூட்டிப்போய்க் கொல்லையைத் தோண்டி, நான்கு வளையல்களை எடுத்தே விட்டார். குடும்பத்தோடு வந்தார். மருமகள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

உரசிப் பார்த்தேன். அமிலம் பட்டதும் கோடு பொங்கிக் கரைந்தது. பித்தளைக்கு முலாம். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மூன்று கடைக்குப் போய்விட்டு மறுநாள் தனியாக வந்தார். மற்ற கடைகளிலும் பித்தளை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் முதலில் அதைத் தொட்டவள் நான். வளையலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உன் கைக்கு வர்ற வரைக்கும் இது தங்கமாத்தான் இருந்துச்சு."

இரண்டு பெயர் போட்ட மோதிரம்

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய அடுக்குவீட்டை இடித்தார்கள். அந்தக் கல்லுமண்ணில் கோ மின்னுக்குக் கல்யாண மோதிரம் ஒன்று கிடைத்தது. உள்பக்கம் ஆரோக்கியம், தெரேசா என்று இரண்டு பெயர்கள். எங்கள் கோயில்காரர்கள்தான், இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். மகன் சேவியருக்கும் மகள் லில்லிக்கும் ஆள் அனுப்பினேன். அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா மோதிரத்தைப் பார்த்தால் மனம் இளகும் என்று நினைத்தேன்.

கோ மின்னுக்குக் கொடுக்கவேண்டியதை ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். பிறகு என் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அண்ணன் சொல்வதை நான் தங்கைக்குச் சொன்னேன், தங்கை சொல்வதை அண்ணனுக்குச் சொன்னேன். வருடம் மாற்றி வருடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டாம், அறுத்துவிடுங்கள் என்றாள் லில்லி. அந்த ஒன்றில் மட்டும் சேவியருக்கும் சம்மதம். கணேசன் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். அப்போது சேவியர் கையைக் காட்டி நிறுத்தினார். அத்தனை வருடத்துக்குப் பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்: "அறுக்கும்போது விழுற தூளை யாரு எடுத்துக்கிறது?"

ஆற்றில் வந்த தாலி

க்யிம்யிண்டைங் படகுத்துறையில் தண்ணீர் வற்றியிருந்த நேரம் சேற்றில் ஒரு தாலி கிடைத்தது. பொட்டுத் தாலி, பின்னால் 'வ' என்று ஓர் எழுத்து. ஓரத்தில் உடைந்து ஒட்டவைத்த பற்று. அந்தப் பற்றைப் பார்த்ததும் கணேசன் அண்ணன் தன் கைவேலை என்றார். துறைக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் வள்ளியுடையது. பர்மியர், தமிழர் எல்லோருக்கும் அவள் டோ வள்ளி; 'டோ' என்பது பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் பர்மியச் சொல்.

தாலியைத் தொலைத்த பெண் என்ன பாடு பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வெயிலில் கோ மின்னோடு போனேன். அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் வழியில் கற்பனை. அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னுதுதான். தொலையல. தாய்லாந்துக்கு வேலைக்குப் போன மனுசன் அங்க வேற குடும்பம் வச்சிருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு, நானே ஆத்துல வீசுனேன்."

கோ மின் என் காதருகில் குனிந்து, அப்படியானால் நானே எடுத்துக்கொள்ளலாமா என்று பர்மியத்தில் கேட்டான். அவள் காதிலும் அது விழுந்தது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "எடுத்துக்கச் சொல்லுங்க. ஆனா உருக்கிடணும். இன்னொருத்தி கழுத்துல அது ஏறக் கூடாது."

அம்மாவின் தோடு

மிங்கலா தாங்ஞுன்ட்டில் நாங்கள் குடியிருந்த மரவீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டியபோது, குளியலறை சாக்கடை இருந்த இடத்தில் ஒற்றைத் தோடு கிடைத்தது என்று கோ மின் கொண்டுவந்தான். மூன்று சிவப்புக் கல். அதில் ஒன்று மட்டும் கண்ணாடி. லென்ஸே தேவைப்படவில்லை. அது என் அம்மாவுடையது. கல் விழுந்த இடத்தில் கண்ணாடி வைத்த அன்று நானும் பட்டறைக்குப் போயிருந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஹ்லா என்ற பர்மியப் பெண் வேலைக்கு இருந்தாள். எனக்குத் தலை வாரிவிடுவாள். தோடு காணாமல்போன அன்று அம்மா அவளுடைய தகரப்பெட்டியைத் தெருவில் கவிழ்த்துக் கொட்டினாள். உள்ளாடை வரைக்கும் தெருவே பார்த்தது. தோடு இல்லை. இருந்தும் திருடி என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தில் அதன்பிறகு அவளை யாரும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

விசாரித்துக்கொண்டு போனேன். க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாடு விற்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னாள். தோட்டை நீட்டினேன். இடுப்பில் கட்டியிருந்த லோன்ஜியில் கையைத் துடைத்துக்கொண்டாளே தவிர, வாங்கவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"குளியலறை சாக்கடையில. அம்மா குளிக்கும்போது விழுந்திருக்கணும். நீங்க வச்சுக்கணும்னுதான் கொண்டுவந்தேன்."

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல. போய்ட்டாங்க."

"அன்னிக்குத் தெருவில நின்னு பார்த்தாங்களே, அவங்க?"

"அங்க இப்ப பழைய ஆளு யாருமே இல்ல."

கருவாட்டின் மேல் உட்கார வந்த ஈயை விசிறினாள். கோபமாகப் பேசியிருந்தாலாவது நான் தாங்கியிருப்பேன். சாதாரணமாக, விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள்: "அப்போ நான் திருடலைன்னு இப்ப யாருகிட்ட போய்ச் சொல்லப் போறே?"

அதனால் இப்போதெல்லாம் யார் எதைத் தோண்டிக் கொண்டுவந்தாலும் எடையையும் தங்கத்தின் மாற்றையும் மட்டும் சொல்கிறேன். யாருடையது என்று கேட்டால், கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.