மார்பில் கட்டிய தக்கைச் சட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கொல்லிமலையில் இருப்பவர்களுக்குக் கடல் சமாசாரம் எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்த மலையிலுள்ள எங்கள் குண்டூர் நாட்டிலிருந்தும் ஆட்கள் கப்பலேறத்தான் செய்கிறார்கள்.

ரப்பர் தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பினாங்கிலிருந்து திரும்பினேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைவரை வராது. படகில்தான் இறங்க வேண்டும். அன்று கடல் கொந்தளித்தது. விழுந்தாலும் மிதக்கட்டும் என்று ஆளுக்கொரு தக்கைச் சட்டை கொடுத்தார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் எங்கள் மலைச் சாமி அறப்பளீசுவரரைக் கும்பிட்டேன். சாமி முன்னால் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். அந்த மரியாதையிலேயே தக்கைச் சட்டையையும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

படகோட்டி பார்த்துவிட்டார். "என்னய்யா கூத்து இது?"

"சாமி கும்புடறனுங்க. இதத் தோள்ல போட்டுக்கிட்டுக் கும்புடலாமுங்களா?"

"இடுப்புல கட்டினா காலு மேல மிதக்கும், தலை தண்ணிக்குள்ள போயிடும். அப்புறம் எந்த வாயால கும்புடுவீரு?"

அவரே அதை மார்புக்கு ஏற்றிக் கயிறுகளை முடிந்தார். தோள்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கட்டு தளர்வாக இருந்ததால் சட்டை என் காதுவரை ஏறி வந்தது. அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

கரைக்குச் சற்று முன்னால் படகு கவிழ்ந்தது. நீந்தத் தெரியாத நான் முகம் வானத்தைப் பார்க்க மிதந்தேன். அவர்தான் இழுத்துக் கரை சேர்த்தார்.

ஈசனே படகோட்டியாக வந்தார் என்கிறார்கள் என் சொந்தக்காரர்கள். ஈசன் கருணைதான். ஆனால் வந்தவர் ஒரு மனிதர். அவருக்கு என் உயிர் கடன்பட்டிருக்கிறது. கப்பலேறுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மார்பில் கட்டி, தூக்கிப் பார்த்து, மறுபடி இறுக்கினார் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.